இங்கயே இரு, வந்துடறேன்

என் காதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு வருஷமாக நான் கார் மெக்கானிக். பானெட்டைத் திறக்காமலே, சத்தத்தை வைத்து எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லுவேன். போன மாதம் டாக்டரிடம் காதைக் காட்டினேன். குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். குடியை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. அதனால் "கிழவனுக்கு ஏதோ கேட்டிருக்கும்" என்று சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கேட்டது கேட்டதுதான்.

என் பெயர் ஹோக்கன். வயது ஐம்பத்தெட்டு. ஸ்வீடனின் வடக்கே, லிக்சேலே ஊரிலிருந்து இன்னும் நாற்பது கிலோமீட்டர் காட்டுக்குள் என் வீடு. பக்கத்து வீடு இரண்டு கிலோமீட்டர் தள்ளி. அதுவும் கோடையில்தான் திறந்திருக்கும். மனைவி என்னை விட்டுப் போய்ப் பதினொரு வருஷம். ஒரே மகள் இல்வா, தெற்கே மால்மோவில். நாலு வருஷமாக அவள் வீட்டுப் பக்கம் வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. பேச்சு குறைந்து குறைந்து, ஒரு நாள் நின்றே போய்விட்டது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்கள் "ஆமாம்" என்று வாய் திறந்து சொல்ல மாட்டோம். உதட்டைக் குவித்து, மூச்சைச் சட்டென்று உள்ளே இழுப்போம். 'ஷுப்'. அவ்வளவுதான். தெற்கத்திக்காரர்கள் எங்களுக்கெல்லாம் ஆஸ்துமா என்று நினைத்துக்கொள்கிறார்கள். குளிரில் வாயைத் திறக்கச் சோம்பல் என்றும் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

போன வருஷம் ஆகஸ்டில் இல்வா போன் செய்தாள்.

"அப்பா, எனக்குப் பிப்ரவரில குழந்தை பொறக்கப் போகுது. கிறிஸ்துமஸுக்கு நான் வரட்டுமா?"

மூச்சைத்தான் இழுத்தேன்.

"போன்ல அது கேக்காதுன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று சிரித்தாள். "சரி சரி, கேட்டுச்சு. ஆனா அந்த ஐஸ் பெட்டில ஏற மாட்டேன். எனக்கும் வயித்துல இருக்கிறதுக்கும் சேர்த்து வெறைச்சுப் போயிடும்."

ஐஸ் பெட்டி என்றது என் காரை. 1981 மாடல் வோல்வோ. எஞ்சின் இன்னும் கல் மாதிரி இருக்கிறது. ஆனால் சீட் ஸ்பிரிங் முதுகைக் குத்தும், ஹீட்டர் பெருமூச்சு மட்டும் விடும். ஊமியோ ரயில் நிலையத்திலிருந்து என் வீடு நூற்றெழுபது கிலோமீட்டர். குளிர் மைனஸ் இருபத்தைந்துக்குப் போகும். பிள்ளைத்தாய்ச்சியை அதில் எப்படிக் கூட்டி வருவது? காரை விற்கவும் மனசில்லை. அதன் பின் சீட்டில் தூங்கித் தூங்கித்தான் இல்வா வளர்ந்தாள்.

அதனால் ஒரு முடிவு செய்தேன். வெளியே கிழ கார் அப்படியே இருக்கட்டும். உள்ளே புதுக் கார் ஒன்றின் வயிற்றை எடுத்து வைத்துவிடுவோம்.

பழைய கார்களை உடைத்து விற்கும் யார்டு வைத்திருப்பவள் குன்-பிரிட். என்னோடு பள்ளியில் படித்தவள். வாய்க்குப் பூட்டே கிடையாது.

"கிழவிக்கு லிப்ஸ்டிக் போடப் போறியா ஹோக்கா?"

"உனக்கு இல்ல, காருக்கு."

"போடா." யார்டின் கடைசி வரிசைக்குக் கூட்டிப் போனாள். பத்து வருஷம்கூட ஆகாத ஒரு நீலக் கார். தோல் சீட். சூடாகிற சீட். கீறல்கூட இல்லை.

"அடியே படலையே. இது ஏன் இங்க கெடக்கு?"

"ஓட்டினவருக்கு வேண்டாமாம்."

"ஏன்?"

குன்-பிரிட் கையுறையைச் சரி செய்துகொண்டாள். "எடுத்துக்கிறதுன்னா எடுத்துக்க. எனக்கு வேலை கெடக்கு."

வாய்க்குப் பூட்டில்லாதவள் அன்று மட்டும் பூட்டிக்கொண்டாள். அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

வீட்டை ஒட்டின ஷெட்டில் வேலை செப்டம்பரில் தொடங்கியது. கேட்பதற்குச் சுலபம், செய்து பார்த்தால்தான் தெரியும். டேஷ்போர்டு ஏழு சென்டிமீட்டர் அகலம் கூடுதல். நடுவில் அறுத்து, ஒட்டி, தோல் தைத்தேன். சீட்டின் தண்டவாளம் பழைய தரையில் உட்காரவில்லை. புதிதாக இரும்புக் கால் வெட்டி வெல்டிங் வைத்தேன். புதுக் காரில் சீட் சூடாவதற்கும் மூளை மாதிரி ஒரு கணினிப் பெட்டி அனுமதி கொடுக்க வேண்டும். அதனால் அந்தப் பெட்டியையும் வயர்க் கொத்தோடு பிடுங்கி மாற்றினேன்.

ஒரு தொந்தரவு மட்டும் இருந்தது. பக்கத்து சீட்டில் யாராவது உட்கார்ந்து பெல்ட் போடவில்லை என்றால், 'டிங்... டிங்...' என்று மணி அடிக்கும். என் இணைப்பில் அது காரணமில்லாமல் அடிக்கலாம் என்று, சீட்டுக்கு அடியில் எடையை உணரும் வயரை வெட்டி, நுனியில் டேப் சுற்றி விட்டேன். வெட்டியது நான். இந்தக் கையால்தான்.

தினமும் வேலை முடிந்ததும் ஷெட் விளக்கை அணைப்பேன். கார் கூரையில் ஒரு தட்டு தட்டுவேன். "இங்கயே இரு, வந்துடறேன்" என்பேன். தனியாக இருப்பவனுக்கு இப்படி நாலு பழக்கம் இருக்கும். யாரிடமாவது சொல்லிவிட்டுப் போனால் வீட்டுக்குள் நுழையக் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

நவம்பர் 28. மணி 3:40.

பேய் என்றால் நள்ளிரவு என்பீர்கள். எங்கள் ஊரில் அந்த மாதத்தில் மூன்று மணிக்கே இருட்டிவிடும். அது வேலை நேரம்தான். நான் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, டேஷ்போர்டு திருகுகளை முடுக்கிக்கொண்டிருந்தேன். விரல் மரத்துப் போயிருந்தது.

"குளிருது, இல்ல?" என்றேன், யாரிடமும் இல்லாமல்.

'ஷுப்.'

"நாளைக்கு ஹீட்டரைப் பார்த்துடலாம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த திருகை எடுத்தேன்.

பாதி முடுக்கிய பிறகுதான் கை நின்றது.

பக்கத்து சீட் காலி. ஷெட் கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. நான் கேட்டதற்கு ஒரு பதில் வந்ததே என்று, ஒரே ஒரு நொடி, சந்தோஷமாக இருந்தது. பயம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

டிசம்பர் 4. காலை 7:50.

கார் கண்ணாடிகளில் உள்பக்கம் வெள்ளையாக உறைபனி. நான் உள்ளே உட்கார்ந்து வேலை செய்தபோது விட்ட மூச்சு, ராத்திரியில் உறைந்திருக்கும். அது சகஜம். ஆனால் பக்கத்து சீட்டு ஜன்னலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம். அங்கே மட்டும் பனி இல்லை. சுரண்டிய தூள் கதவு ஓரத்தில் கிடந்தது.

உள்ளேயிருந்து சுரண்டியிருந்தது. வெளியே பார்க்க வசதியாக.

டிசம்பர் 11. மாலை 4:05. பேட்டரியைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தேன். பக்கத்து சீட்டில் தற்செயலாகக் கை ஊன்றினேன். சீட் சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி. சீட் முன்னால் நகர்ந்தும் இருந்தது, கால் நீளம் குறைந்த சின்ன ஆளுக்கு ஏற்றபடி.

வேலையை நிறுத்தியிருக்கலாம். ஆனால் இல்வா டிக்கெட் எடுத்துவிட்டாள். டிசம்பர் 21, மாலை 5:05 ரயில். பழைய சீட்டுகளை நான் எப்போதோ குப்பையில் போட்டாயிற்று. கார் ஓடவில்லை என்றால் அவள் வர மாட்டாள். வராவிட்டால் இன்னொரு நாலு வருஷம். பல்லைக் கடித்துக்கொண்டு வேலையை முடித்தேன். தினமும் கூரையைத் தட்டி, வழக்கமானதைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். பழக்கம் விடவில்லை.

டிசம்பர் 18. பகல் 1:20. லிக்சேலேயில் வருடாந்திர வாகனச் சோதனை. பையன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். உள்ளே தலையை விட்டு விசில் அடித்தான். காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னான்:

"காபி இருக்கு. வெளியில நிக்கிறாங்களே, அந்த அம்மாவையும் உள்ள வரச் சொல்லுங்க. இந்தக் குளிர்ல பாவம்."

"எந்த அம்மா?"

"உங்க பக்கத்துல உட்கார்ந்து வந்தாங்களே..."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். காகிதத்தைப் பார்த்தான். வெளியே என் கார் மட்டும்தான் நின்றிருந்தது. நான் காபி குடிக்காமலே கிளம்பினேன்.

டிசம்பர் 21.

மதியம் 2:35-க்குக் கிளம்பினேன். மைனஸ் இருபத்தேழு. சாலையில் ஒரு வண்டி இல்லை. இரண்டு பக்கமும் காடு, நடுவில் என் விளக்கு வெளிச்சம். சீட் சூடு அருமையாக இருந்தது. இல்வாவிடம் என்ன பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

மணி 3:12.

'டிங்...'

'டிங்... டிங்...'

டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு. பக்கத்து சீட். பெல்ட் போடவில்லை.

வயரை வெட்டியவன் நான்.

ஓரமாக நிறுத்தினேன். சீட் காலி. மணி நிற்கவில்லை. பக்கத்து பெல்ட்டை இழுத்துக் காலி சீட்டின் மேல் போட்டு மாட்டினேன். 'க்ளிக்.'

மணி நின்றது.

பெல்ட் சீட்டில் ஒட்டிக் கிடக்கவில்லை. ஒரு சாண் முன்னால்... காற்றில்... வளைந்து நின்றது.

இறங்கி ஓடலாம். எங்கே ஓடுவது? அந்தக் குளிரில் அரை மணி நேரம் தாங்காது. அங்கே இல்வா வந்து நின்றால்?

காரைக் கிளப்பினேன். கண் சாலையை விட்டு அசையவில்லை.

"யாராவது இருக்கீங்களா?"

'ஷுப்.'

என் தோளிலிருந்து ஒரு முழ தூரம். பெண் மூச்சு. வயதானவள்.

"எறங்கணுமா?"

பதில் இல்லை.

"யாருக்காவது காத்திருக்கீங்களா?"

'ஷுப்.'

"எனக்கா?"

பதில் இல்லை. ஹீட்டர் சத்தம் மட்டும்... அப்புறம் மெதுவாக ஒரு சத்தம். கிர்க்... கிர்க்... கண்ணாடியை நகத்தால் சுரண்டும் சத்தம்.

எனக்கு அழுகை வந்தது. பயத்தில்தான். பயம் மட்டும்தானா என்றால், தெரியாது.

"அம்மா, என் பொண்ணு வர்றா. புள்ளத்தாய்ச்சி. நாலு வருஷம் கழிச்சு வர்றா. அவளுக்கு அந்த எடம் வேணும்."

சுரண்டல் நின்றது.

மணி 3:41.

'க்ளிக்.' பெல்ட் தானாகக் கழன்று, சுருண்டு, பழைய இடத்துக்குப் போனது.

ரயில் இருபது நிமிஷம் தாமதம். இல்வா வயிற்றைத் தூக்கிக்கொண்டு பனியில் நடந்து வந்தாள். கட்டிப்பிடித்தாள். முன் கதவைத் திறந்து உட்கார்ந்தவள், சீட்டைத் தடவினாள்.

"அட... சுடச்சுட இருக்கே! எனக்காகவா இத்தனையும் பண்ணின?"

"சும்மா இருந்தேன், பண்ணினேன்."

"யாரு இவ்வளவு முன்னாடி தள்ளி வெச்சிருக்கா? முழங்கால் இடிக்குது." சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். "யாராவது சிநேகிதி புடிச்சிட்டியாப்பா?"

"வாயை மூடிக்கிட்டு பெல்ட்டைப் போடு."

சிரித்தாள். நாலு வருஷத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பைக் கேட்கிறேன். ஊர் எல்லை தாண்டியதும் அவள் பேச ஆரம்பித்தாள். குழந்தையைப் பற்றி, வேலையைப் பற்றி, அவளுக்கும் பயமாக இருப்பதைப் பற்றி. ஒத்திகை பார்த்தது ஒன்றும் எனக்குத் தேவைப்படவில்லை.

மணி 6:50 இருக்கும். அவள் கண்ணை மூடியிருந்தாள்.

"குளிருதா கண்ணு?" என்றேன்.

'ஷுப்', என்றாள் இல்வா.

'ஷுப்...'

இரண்டாவது, என் பிடரிக்குப் பின்னால் கேட்டது. பின் சீட்டிலிருந்து.

சூட்டை ஒரு புள்ளி கூட்டி வைத்தேன். கண்ணாடியில் பின்னால் பார்க்கவில்லை. வீடு வரைக்கும் பார்க்கவே இல்லை.

கிறிஸ்துமஸ் நன்றாகவே போனது. 28-ந் தேதி அவளை ரயில் ஏற்றிவிட்டேன். 30-ந் தேதி நேராக யார்டுக்குப் போனேன்.

"அந்த நீலக் கார் யாரோடது? சொல்லாம நான் போகப் போறதில்ல."

குன்-பிரிட் என் முகத்தைப் பார்த்தாள். கேலி பண்ணவில்லை. காபியை ஊற்றி முன்னால் வைத்தாள்.

"எனக்கு எதுவும் தெரியாதுன்னு நெனைச்சுக்க. கேட்டதைச் சொல்றேன். முந்தின பிப்ரவரில, மலைப் பக்கம். புயல்ல ரோடு மூடிப் போச்சு. வண்டி பனில சிக்கிக்கிச்சு. புருஷனும் பொஞ்சாதியும். ரெண்டு பேருக்கும் எழுபதை ஒட்டின வயசு. அவர் ஆளைத் தேடிக் கெளம்பினாரு. வழியில விழுந்துட்டாரு. பனி ஸ்கூட்டர்ல வந்த யாரோ ஒருத்தன் தூக்கிட்டுப் போயிட்டான். ஆஸ்பத்திரில மூணாம் நாள்தான் நெனைவு வந்துச்சு. அப்புறம்தான் சொன்னாரு... கார்ல அவ இருக்கான்னு."

நான் கோப்பையைக் கையில் எடுத்தேன்.

"கார்ல அடி ஒண்ணுமில்ல. வென்ட்லா... அவ பேரு வென்ட்லா... பெல்ட்டைக்கூடக் கழட்டல. கண்ணாடி பூரா உறைஞ்சு கெடந்துச்சாம். அவ பக்கத்து ஜன்னல்ல மட்டும் உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டி வெச்சிருந்தா. ரோட்டைப் பார்க்க."

"ஏன் எறங்கல? கொஞ்ச தூரம் நடந்திருக்கலாமே?"

"எறங்காதேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. அதைச் சொல்லிச் சொல்லி அழுதாராம் மனுஷன். 'இங்கயே இரு, வந்துடறேன்'னாராம். அவளும்..."

குன்-பிரிட் உதட்டைக் குவித்து, மூச்சை உள்ளே இழுத்துக் காட்டினாள்.

காபி கோப்பையை நான் எப்படி மேஜையில் வைத்தேன் என்று தெரியாது. செப்டம்பரிலிருந்து ஒரு நாள் விடாமல் அதே வார்த்தையை அந்தக் காரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் விடாமல் மறுநாள் காலையில் வந்தும் நின்றிருக்கிறேன்.

அன்று மதியம் 2:50-க்கு ஷெட்டுக்குள் போனேன். பக்கத்து சீட்டுக் கதவை அகலத் திறந்தேன்.

"வென்ட்லாம்மா. போதும். ஆள் வந்தாச்சு. எறங்கி வாங்க."

'ஷுப்.'

கதவைச் சாத்தினேன். வீட்டுக்கு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று முதல் கார் வெறும் கார்தான். சீட் சில்லென்று இருக்கிறது. சுவிட்சைப் போட்டால் சூடாகிறது, அணைத்தால் ஆறிவிடுகிறது. நிம்மதியாகப் பெருமூச்சு விட்டேன்.

ஜனவரி 9. காலை 8:10. வீட்டு முகப்பில் ஒற்றைக் கண்ணாடி போட்ட வராந்தா உண்டு. அங்கே கண்ணாடி பூரா உறைபனி.

நாற்காலி ஒன்று ஜன்னலை ஒட்டி இழுத்துப் போடப்பட்டிருந்தது.

அதற்கு நேராக... உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம்.

இறங்கி வா என்றேன். எங்கே போக வேண்டும் என்று நான் சொல்லவில்லையே.

பிப்ரவரியில் இல்வாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. படம் அனுப்பினாள். சமையலறை மேஜையில் போனை வைத்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதிர் நாற்காலியைப் பார்க்காமல்.

மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை. மாலை 4:00. போன் வந்தது. பின்னால் குழந்தை சிணுங்கும் சத்தம்.

"அப்பா, ஈஸ்டருக்குப் பாப்பாவை எடுத்துக்கிட்டு வரட்டுமா? ஒரு மாசம் தங்கறேன். உன்கூட."

இதற்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். ஆனால் முடிவு எடுத்து வைத்திருந்தேன். வேண்டாம், நானே அங்க வர்றேன் என்று சொல்ல வேண்டும். இந்த வீட்டுக்குள் அந்தக் குழந்தை வரக் கூடாது.

சொல்ல வாயைத் திறந்தேன்.

'ஷுப்.'

"கேட்டுச்சு, கேட்டுச்சு!" என்று இல்வா சிரித்தாள். "டிக்கெட் போட்டுடறேன். முத்தம்பா."

போன் வைத்த சத்தம்.

நான் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

நான் இன்னும் மூச்சே இழுக்கவில்லை.